புல்லுக்குள் முதல் கூப்பாடு

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மாடு வச்சிருக்கீங்க?" என்பதுதான். மாடு ஒன்றுகூடக் கிடையாது. மூன்று ஏக்கர் புல் இருக்கிறது, தின்ன ஒரு வாய் இல்லை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் நானும் சிரித்தவள்தான்.

எலப்புள்ளியில் என் வீட்டுக்காரரின் அப்பா விட்டுப்போன நெல்வயல் அது. வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்குகிற மில் ஒன்றில் இருபது வருஷம் வேலை பார்த்தார். மில்லை மூடியதும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். நாலு மாதம் என் அடுக்களையில் புகுந்து டப்பாக்களை வரிசை மாற்றி வைத்து என் உயிரை எடுத்தார். அப்புறம் ஒரு நாள் கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீஸ் வராந்தாவில் யாரோ ஒரு ஏஜெண்டைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, "அம்மிணி, நாம புல்லு போடறோம்" என்றார்.

"மாட்டுக்குங்களா?"

"பாய்லருக்கு."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏனுங், நெல்லு வெளஞ்ச மண்ணுல புல்லை நட்டு, தண்ணி கட்டி வளத்தி, காய வச்சு, கடைசீல நெருப்புல போடறதுக்கா? அதுக்கு இப்பவே வயலுக்கு நெருப்பு வச்சுட்டுப் போயிரலாமுங்."

அவர் கோபப்படவில்லை. கரும்பைப் போலக் கரணை வெட்டி ஒரு தடவை நட்டால் போதும், அறுக்க அறுக்கத் தூரிலிருந்து தானாக எழுந்து வரும், வருஷக்கணக்கில் திரும்ப நட வேண்டியதில்லை என்று விளக்கினார். அறுத்ததை ஏஜெண்டே ஏற்றிக்கொண்டு போய்ப் பொடித்து, கட்டியாக அழுத்தி, கம்பெனி பாய்லர்களுக்குக் கொடுப்பாராம். உலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்குத் தொண்டையே அப்படி ஆகிவிட்டது. சாதாரணமாகத் தண்ணீர் கேட்டாலே பக்கத்து வீட்டு நாய் எழுந்து நிற்கும். புல் விஷயத்தையும் அந்தக் குரலில்தான் சொன்னார். தெருவே கேட்டது. அப்புறம் நான் என்ன எதிர்த்துப் பேச?

மாட்டுக்கு வளர்க்கிற புல்லை நெஞ்சு உயரம் வருவதற்குள் அறுத்துவிடுவார்கள். எரிக்கிற புல்லை அப்படி அறுக்கக் கூடாது. அது முற்ற வேண்டும், தண்டு இறுகிச் சோளத்தட்டு மாதிரித் தட்டாக வேண்டும், அடியிலை காய்ந்து சலசலக்க வேண்டும். ஐந்தாம் மாதம் அது இரண்டு ஆள் உயரம் நின்றது. முன்பெல்லாம் வாசலில் நின்றால் வாளையாறு மலை தெரியும், பனை வரிசை தெரியும், ரயில் போவது தெரியும். எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் பனங்கொண்டைகள் மட்டும் புல்லுக்கு மேலே நின்றன. ரயிலின் சத்தம் வரும், ரயில் வராது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் பயந்தேன். காற்றே இல்லாத மத்தியானத்தில் நடுவே ஓரிடம் மட்டும் அசையும், பிறகு நின்றுவிடும். பன்றியாக இருக்கும், மயிலாக இருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். துணி காயப்போடும்போது யாரோ முதுகைப் பார்ப்பது போல இருக்கும். திரும்பினால் புல்தான். வரிசை பிடித்து நட்டதுதான் என்றாலும், உள்ளே நாலு எட்டு வைத்தால் வரிசை கலைந்துபோயிருக்கும். தூர் பருத்து, ஒன்றோடொன்று பின்னி, வந்த பக்கம் எது போகிற பக்கம் எது என்று தெரியாது. ஒரு நாள் காற்றில் பறந்துபோன என் சேலையை எடுக்க உள்ளே போனேன். பத்தடி தூரம் இருக்கும். வெளியே வரக் கால் மணி நேரம் ஆயிற்று. கையெல்லாம் இலை கீறி, சுணை ஏறி, அழுதுகொண்டே வந்தேன். "புல்லுக்கெல்லாம் ஆராச்சும் அழுவாங்களா?" என்று அவர் ஊருக்கே கேட்கும்படி சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை.

முதல் அறுப்புக்கு வந்தவர்களில் ஓர் அக்கா இருந்தார். எலப்புள்ளிக்காரர்தான், அறுப்பு வேலையிலேயே வயசானவர். உச்சி நேரத்தில், "அக்கா, டீ குடிக்க வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன், அதற்கும் இல்லை. மூன்றாவது தடவை எரிச்சலோடு கத்தியதும் அரிவாளைப் போட்டுவிட்டுச் சிரித்தபடி வந்தார்.

"ஏனுங்க்கா, காது கேக்காதா உங்களுக்கு?"

"கேட்டுதுங் அம்மிணி. உச்சிப் பொழுதுல மொதக் கூப்பாட்டுக்கு வாய் தொறக்கப்படாதுங். மனுசன்னா மூணுவாட்டி கூப்புடுவான். அதுக்கு ஒருவாட்டிதான் கூப்புடத் தெரியும். அதும் நமக்கு வேண்டியவங்க கொரல்லயே கூப்புடும்."

"அதுன்னா எது?"

"பதில் சொல்லிப் பாத்துட்டு வந்து எதுன்னு சொன்னவங்க ஆருமில்லீங்" என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார்.

எனக்கு இந்த மாதிரிப் பேச்சுக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. மறுநாள் வரப்பில் நின்று மூச்சு விடாமல், "அக்கா, அக்கா, அக்கா! நான் மனுசிதானுங், டீ ஆறுது!" என்றேன். அறுத்துக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்காவும் சிரித்தார். அறுப்பு முடிகிற வரைக்கும் இதுவே எங்களுக்கு வேடிக்கையாக ஓடியது. ஆனால் அதற்குப் பிறகு, மத்தியானத்தில் யாராவது கூப்பிட்டால், பதில் சொல்வதற்கு முன் என் நாக்கு ஒரு கணம் தானாகவே நின்று பார்த்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அறுத்த இடத்தில் பதினைந்து நாளில் மறுபடி பச்சை எழும்பியது. மறுபடி மலை போயிற்று, பனை போயிற்று, ரயில் போயிற்று. இரண்டாவது அறுப்புக்கு நாள் வந்தது.

அறுப்புக்கு முன் அந்த ஏஜெண்ட் தம்பி ஒரு சோதனை வைப்பான். ஓரத்துத் தட்டை அவன் நம்ப மாட்டான். ஓரத்தில் வெயில் படும், சீக்கிரம் காயும். வயலின் நட்ட நடுவில்தான் ஈரம் தங்கி நிற்கும். அதனால் நடுவிலிருந்து ஒரு கைப்பிடித் தட்டு அறுத்து வந்து காட்ட வேண்டும். அதுவும் பனியெல்லாம் உலர்ந்த பிறகு, உச்சி வெயிலில் அறுத்ததாக இருக்க வேண்டும். சடக்கென்று முறிந்தால் மறுநாள் ஆள் விடலாம். வளைந்தால் இன்னும் பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

அந்த வாரம் வனத்துறை ஜீப் மைக்கில் மலையாளத்தில் சொல்லிக்கொண்டே போனது. ஒற்றை யானை ஒன்று மலையிலிருந்து இறங்கியிருக்கிறது, இரவில் யாரும் தனியாக வெளியே போக வேண்டாம் என்று. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. இரவில் இறங்கும், வாழையைத் தின்னும், விடிவதற்குள் மலையேறிவிடும். பகலில் யானையைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை.

அவரும் நினைக்கவில்லை. செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு, "அந்தப் பையன் வந்துருவான், டீக்குப் பால் வச்சு வையி" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் புல்லுக்குள் போனார். கொஞ்ச நேரம் காய்ந்த இலை மிதிபடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. நான் வாசலில் மோர்மிளகாயைப் பரப்பிக்கொண்டிருந்தேன். என் நிழல் என் காலடிக்குள் சுருங்கிக் கிடந்தது.

"அம்மிணி."

ஒரே தடவை. மெதுவாக. அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது போல.

கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னை மெதுவாகக் கூப்பிட்டதே கிடையாது. குரல் அவருடையதுதான். ஆனால் அந்த அடக்கம் அவருடையது இல்லை. மிளகாயைக் கையில் பிடித்தபடி புல் பக்கம் திரும்பினேன். வேண்டியவங்க கொரல்லயே கூப்புடும் என்று அந்த அக்கா சொன்னது காதுக்குள் வந்து நின்றது. "என்னுங்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவராக இருந்தால் இன்னொரு தடவை கூப்பிட மாட்டாரா? கூப்பிடுவதென்ன, கத்துவாரே! இரண்டாவது கூப்பாட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அது வரவில்லை. அப்பாடா, தப்பித்தேன் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். ஏமாறாமல் நின்றேனே என்று என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டு, பால் வைக்க உள்ளே போனேன்.

பால் பொங்குகிற நேரத்தில் ஏஜெண்ட் தம்பியின் பிக்கப் வண்டி வந்து ஹாரன் அடித்தது.

"அண்ணன் எங்கீங்க்கா?"

"உள்ள போயிருக்காருங் தம்பி, நடுவுல தட்டு எடுக்க. இப்ப வந்துருவாரு."

அவன் டீயை வாங்கிக்கொண்டு வயலைப் பார்த்து நின்றான். டம்ளர் வாய்க்குப் போகவில்லை. நானும் பார்த்தேன். நடுவில் புல் சாய்ந்துகொண்டிருந்தது. காற்றில் சாய்வது போல ஒட்டுக்கச் சாயவில்லை, ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் சாய்ந்தது, நின்றது, மறுபடி சாய்ந்தது. பிறகு புல் நுனிகளுக்கு மேலே ஒரு தும்பிக்கை எழுந்தது. எங்கள் பக்கமாகத் திரும்பிக் காற்றை மோந்தது. இறங்கிவிட்டது. இத்தனைக்கும் ஒரு சத்தம் இல்லை.

அப்புறம் நான் கத்திய கத்தலை எலப்புள்ளியே கேட்டிருக்கும். மூன்று தரமா முன்னூறு தரமா என்று எனக்கே தெரியாது. "ஏனுங்! ஏனுங்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உள்ளே ஓடப் பார்த்தவளை அந்தத் தம்பி முந்தானையைப் பிடித்து இழுத்து வண்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். வனத்துறைக்குப் போன் போட்டான். எனக்கு ஒரே நினைப்புத்தான். கூப்பிட்டாரே, பாவி நான் வாயைத் திறக்கவில்லையே. அந்த ஒரு மணி நேரத்தை என் எதிரிக்கும் நான் கொடுக்க மாட்டேன்.

வனத்துறைக்காரர்கள் வந்து பட்டாசு வெடித்து யானையை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தபோது, ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு ஆட்டோ வந்தது. பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். வயலின் கிழக்குக் கோடியில் இருக்கிற வாய்க்காலில் விழுந்து கணுக்கால் முறிந்திருந்தது. கரையில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் தூக்கி ஆட்டோவில் போட்டிருந்தார்கள். கையில் அந்தக் கைப்பிடித் தட்டை விடாமல் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட பிறகு, என் நாத்தனாரும் நர்சும் சுற்றி நிற்க, நடந்ததைச் சொன்னார்.

"தட்டு அறுத்துட்டு நிமுந்தனா, முன்னால இருட்டா இருந்துச்சு. பொழுது உச்சீல நிக்குது, இருட்டு எங்கிருந்து வருதுன்னு பாத்தேன். அது கண்ணை மூடித் தொறந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது. விடிஞ்சதுலிருந்து அங்கயே நின்னிருக்கும்போல, சுத்தியும் புல்லைப் படுக்க வச்சு ஒரு ரூமே பண்ணி வச்சிருக்குது. எந்தப் பக்கம் வந்தேன், எந்தப் பக்கம் போறதுன்னு ஒண்ணும் புடிபடலை. நெழலைப் பாத்துப் போலாம்னா நெழலே இல்லை. பக்கம் தெரியோணும்னா ஒரு கொரல் வேணும். மெல்லமா அம்மிணின்னு ஒருவாட்டி கூப்புட்டேன். அது காதாட்டறதை நிறுத்துச்சு. இன்னொருவாட்டி கூப்புட்டா அதோட முடிஞ்சுது."

நர்சு, "ஐயோ" என்றாள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நல்ல நேரம், இவ ஒடனே கொரல் குடுத்தா. 'இங்கதான் இருக்கேன், வாங்க, வாங்க'ன்னு. அதைப் புடிச்சுக்கிட்டே வந்தேன். வாய்க்காலு இருக்கறது மறந்துபோச்சு, உழுந்துட்டேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாய்க்கால் இருப்பது கிழக்கே. என் வீடும் வாசலும் மேற்கே. அந்தப் பக்கம் நான் போகவே இல்லை.

மறுநாளே தேங்காய் ஏற்றியவர்களைத் தேடிப் போய்க் கேட்டேன். "நீங்க ஆராச்சும் கொரல் குடுத்தீங்களா?"

"இல்லீங்க்கா. அவரு உழுந்த சத்தம் கேட்டுத்தான் நாங்க ஓடியாந்தோம்."

"பொம்பளைங்க ஆராச்சும் அங்க நின்னாங்களா?"

"அந்த வெயில்ல ஆருங்க்கா நிப்பாங்க?"

அவர் உயிரோடு இருந்தார், எனக்கு அது போதும் என்று இருந்திருக்கலாம். ஆனால் அவர் சும்மா இருக்க வேண்டுமே! வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என்ற பொஞ்சாதி கொரல் குடுக்கலைன்னா இந்நேரம் எனக்குக் காரியம் முடிஞ்சிருக்கும்" என்று அந்தத் தொண்டையில் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் பழம் வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்கள். கட்டினவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். நான் டீ கொடுத்துவிட்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நான் சொல்ல வேண்டிய பதிலை வேறு ஏதோ ஒன்று என் குரலை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கிறது. அது எங்கே நிற்கிறது? இன்னும் அங்கேதான் நிற்கிறதா?

இரண்டாவது அறுப்புக்கு வந்த அந்த அக்காவிடம் ஒரு நாள் மெல்லக் கேட்டேன். "ஏனுங்க்கா, நாம பதில் சொல்லாம இருந்துட்டா, நமக்குப் பதிலா வேற ஏதாச்சும் சொல்லுமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியெல்லாம் கேக்காதீங் அம்மிணி" என்று எழுந்து போனார். அடுத்த அறுப்புக்கு வேறு வயலில் வேலை இருக்கிறது என்று ஆள் அனுப்பிவிட்டார்.

புல் மூன்றாவது தடவை எழுந்தது. அதைத் தூரோடு பிடுங்கிவிடலாம் என்று நான் தினமும் சண்டை போட்டேன். சுணை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன், பாம்பு வருகிறது என்றேன், மறுபடி யானை வந்தால் என்ன செய்வது என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. "எனக்கென்ன பயம்? நீ வெளீல நிக்கறே. நான் கூப்புட்டா கொரல் குடுப்பே" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். உண்மையான காரணத்தைச் சொன்னால்தான் அவரைத் தடுக்க முடியும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தனை வாய் இருந்து என்ன பிரயோஜனம்?

சோதனை நாள் வந்தது. உச்சி வெயில். வனத்துறையிடம் கேட்டாகிவிட்டது, யானை எதுவும் இறங்கவில்லை. லேசாக விந்திக்கொண்டே அரிவாளை எடுத்துப் புல் ஓரத்துக்குப் போனார். பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"உள்ள போகாதீங்."

"மறுபடி ஆரம்பிச்சுட்டியா?"

"அன்னைக்கு நான் கொரல் குடுக்கலீங்."

அவர் நின்றார். நான் ஒரே மூச்சில் கொட்டினேன். "நீங்க கூப்புட்டது கேட்டுச்சு. மெல்லமாக் கூப்புட்டீங்களா, நீங்கன்னு நம்பலை. மொதக் கூப்பாட்டுக்கு வாய் தொறக்கப்படாதுன்னு அந்தக்கா சொன்னதை நெனச்சுக்கிட்டுக் கம்முனு நின்னேன். அப்புறம் பால் காச்சப் போயிட்டேனுங். நான் வாய்க்கால் பக்கமே வரலை."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தெரியும் அம்மிணி."

"தெரியுமா?"

"இருவத்திரண்டு வருசமாக் கேக்கற கொரலு. நீ என்னைக்கு எங்கிட்ட அத்தனை பதமாப் பேசியிருக்கே? அது நீயில்லைன்னு அப்பவே தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் ஊரெல்லாம் நான் குடுத்தேன்னு சொன்னீங்?"

"வேற ஆரு குடுத்தான்னு சொல்றது?"

"நான் இல்லைன்னு தெரிஞ்சுமா அது பின்னால போனீங்?"

அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"கூப்புட்டேன். பதில் சொன்னது அது ஒண்ணுதான்" என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே போனார். நாலு எட்டில் சட்டை மறைந்தது, புல் மூடிக்கொண்டது. நான் வரப்பில் ஏறி நின்றேன். அவர் வெளியே வருகிற வரைக்கும், அவர் கூப்பிடாமலே, "இங்கிருக்கேனுங், நாந்தானுங், இங்கதான் இருக்கேனுங்" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.